மூன்று வேலைக்கு ஒரு ஓவர்கோட்

என் வீட்டுக்காரர் வில்மார் பெந்தன்கோருக்கு மூன்று வேலை. உருகுவாயில் இது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரே வேலையில் உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறவனைத்தான் எங்கள் ஊர் சந்தேகமாகப் பார்க்கும். காலையில் இறுதிச் சடங்கு நிலையத்தின் சவ ஊர்தியை ஓட்டுவார். மத்தியானம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சான் லெயாந்த்ரோ கால்பந்து லீகின் நடுவர்.

இதனால் ஊரில் அவரைத் திட்டாத வீடும் கிடையாது, அவர் துணைக்கு வராத சாவும் கிடையாது. சாவு வீட்டிலும் பந்தை விடமாட்டார்கள். பேக்கரிக்காரர் தன் அப்பாவின் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மெதுவா ஓட்டுப்பா வில்மார், அப்பாவுக்கு வேகம்னா ஆகாது. ஆனா போன வாரம் நீ குடுத்தியே ஒரு ஆஃப்சைடு, அது ஆஃப்சைடே இல்ல."

வில்மார் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலைகுனிவு.

நான் சுல்மா. வீட்டு முன்னறையில் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறேன். நிறம் என் பிழைப்பு. எந்த முகத்துக்கு எந்தச் சாயம் எடுக்கும், எது ஒரு மாதத்தில் செம்பட்டையாகிப் பல்லிளிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் என் புருஷன் விஷயத்தில் நிறத்தில் கோட்டை விட்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கல்யாணமான குளிர்காலத்தில் அவருக்கு நான் ஒரு கருநீல ஓவர்கோட் வாங்கிக் கொடுத்தேன். கருநீலம் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒத்தும் போனது. காலையில் போடும் கறுப்பு சூட்டின் மேல், மீட்டர் வேலைக்குப் போடும் பாசிப்பச்சை கார்டுராய் பேண்ட்டின் மேல், ஞாயிற்றுக்கிழமை நடுவர் உடுப்பின் மேல். எங்கள் மைதானத்தில் உடை மாற்றும் அறை உண்டு, அதற்குக் கூரைதான் கிடையாது. அதனால் நடுவர் வீட்டிலேயே கறுப்புச் சட்டை, அரைக்கால் சட்டை, நீளக் காலுறை எல்லாம் போட்டு, மேலே ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, முட்டி மட்டும் தெரிய ஊருக்கு நடுவே நடந்து போவார். மூன்று மணிக்கு வில்மாரின் முட்டியைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணுகிறவர்களே இருந்தார்கள்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி நடந்தார். ஒரு வருஷம்கூட இறுதிப் போட்டிக்கு நடக்கவில்லை.

லீகில் எட்டு அணி இருந்தாலும் இறுதிக்கு வருவது எப்போதும் இரண்டுதான். ரயில்வே பக்கத்து ஸ்டேஷன் அணி, ஆற்றுப் பக்கத்து மாவு மில் அணி. இறுதிப் போட்டிக்கு மூன்று நடுவர்களின் பெயரை லீக் எழுதி வைக்கும். ஆளுக்கொரு பெயரை இரண்டு அணியும் அடிக்கலாம். மிஞ்சுகிற பெயருக்குத்தான் விசில். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் மில் அணி அடித்த பெயர் வில்மார் பெந்தன்கோர்.

அவர் இதைப் பற்றி வாய் திறந்து குறைபட்டதில்லை. இறுதிப் போட்டி நடக்கும் ஆகஸ்ட் வந்தால் மட்டும் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூடக் கவனிக்க மாட்டார். அந்த வருஷம், தொண்ணூற்று ஆறில், அவருக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது. ஐம்பதானால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது லீகின் சட்டம். பிறந்த நாள் அக்டோபரில். ஆக, மிச்சம் ஒரே ஒரு ஆகஸ்ட்.

மே மாதத்தில் ஒரு நாள் எல்பா சாயம் பூச வந்தாள். ஊரே 'தோன்' போட்டு மரியாதையாகக் கூப்பிடும் மில் அணித் தலைவர் ஒரோஸ்மானின் மனைவி. தலை முழுக்கக் களிம்போடு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கும் பெண்ணால் எந்த ரகசியத்தையும் காப்பாற்ற முடியாது. எல்பாவுக்கு இருபது நிமிஷமே போதும்.

"இந்த வருஷமாவது உன் புருஷனுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கிக் குடேன் சுல்மா," என்றாள்.

"இருக்கறதுக்கு என்ன குறைச்சல்?"

"ஐயோ, உனக்கு நெஜமாவே தெரியாதா? எங்க வீட்டுக்காரர் அந்தக் கோட்டப் பாத்துத்தானே வருஷா வருஷம் பேர அடிக்கறாரு. 'ஸ்டேஷன்காரன் கொடியவே தச்சுப் போட்டுக்கிட்டு வர்றவன் கையில விசிலக் குடுப்பேனா'ன்னு."

கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. ஸ்டேஷன் அணியின் சட்டை கருநீலம். அது எனக்குத் தெரியாமலா? நான் பிறந்ததே ஸ்டேஷன் பக்கத்தில். என் அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லாரும் அந்தச் சட்டையோடு வளர்ந்தவர்கள். அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்ததால் அது எனக்கு ஒரு அணியின் நிறமாகவே தோன்றாமல், வெறும் நல்ல நிறமாகத் தோன்றிவிட்டது. மில் பக்கத்துக்காரர்களுக்கோ, ஸ்டேஷன் வீட்டுப் பெண் தன் புருஷனுக்குத் தன் அணி நிறத்தைப் போர்த்தி ஊர்வலம் விடுகிறாள் என்று பட்டிருக்கிறது. இருபத்திரண்டு இறுதிப் போட்டிகளை அவரிடமிருந்து பிடுங்கியது நான்தான். அன்று எல்பாவின் முடி கொஞ்சம் கருத்துப் போய்விட்டது, அவள் கண்டுபிடிக்கவில்லை.

அன்று மாலையே வில்மாரிடம் சொன்னேன். மாத்தே தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அதைப் பொறுமையாக ஊற்றி முடித்தார்.

"கோட்டுக்காகவா?" என்றார்.

"கோட்டுக்காகத்தான், கிழவா. என்னாலதான்."

"எனக்கு முடிவெடுக்கத் தெரியலன்னு நெனச்சு அடிக்கறாங்கன்னு இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன்." குடுவையை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது நிம்மதி. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அவேதிஸின் துணிக்கடைக்குப் போனோம். அவேதிஸ் ஆர்மீனியக் குடும்பத்துக்காரர். எதை மாட்டிப் பார்த்தாலும் "உங்களுக்குன்னே தச்சது" என்பார். நான் ஒரு பெரிய பையில் வில்மாரின் மூன்று உடுப்பையும் மடித்து எடுத்துப் போயிருந்தேன். ஒரே கோட்டுதான் வாங்க முடியும், அது மூன்றின் மேலும் உட்கார வேண்டும், எந்த அணிக்காரன் கண்ணையும் உறுத்தக் கூடாது.

"முதல்ல ஒட்டக நிறம் பாருங்க," என்றார் அவேதிஸ். "மோந்தெவிதேயோவுல இப்ப எல்லாரும் இதான். சூட்டுக்கும் போகும், பேண்ட்டுக்கும் போகும்."

வில்மார் மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அசத்தலாக இருந்தது. ஆனால் மில் அணியின் சட்டை கோதுமை நிறமும் தவிட்டு நிறமும் கலந்த பட்டை.

"கழட்டு," என்றேன். "ஸ்டேஷன் கொடியிலேர்ந்து தப்பிச்சு மில்லு கோணிக்குள்ள போகவா?"

"அப்ப தவிட்டு நிறமும் வேணாம்னு அர்த்தம்," என்று அவேதிஸ் தானாகவே இரண்டு கோட்டுகளைத் திரும்ப மாட்டினார். "கறுப்பு எடுத்துக்கோங்க. கறுப்புக்குக் கட்சி கிடையாது."

"கறுப்புக்குக் கட்சி இல்ல, சாவு உண்டு," என்றேன். "காலையில சவ வண்டி ஓட்டுறவரு, மத்தியானம் கறுப்புக் கோட்டோட வாசல்ல நின்னு மணி அடிச்சா என்ன ஆகும்? மீட்டர் பாக்க வந்தேன்னு சொல்றதுக்குள்ள உள்ள இருக்கற பாட்டிக்கு நெஞ்சு நின்னுடும்."

"போன வருஷம் மழைக்கு முதலாளியோட கறுப்புக் கோட்ட இரவல் போட்டுக்கிட்டுப் போனேன்," என்றார் வில்மார். "தோன்யா இல்தா கதவத் திறந்தவுடனே 'போனது யாரு?'ன்னு கேட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நானும் ஒரு அரை மணி நேரம் கூட உக்காந்து அழ வேண்டியதாப் போச்சு."

"பச்சை?" அவேதிஸ் விடுவதாக இல்லை.

"ராணுவ ஆட்சிய விரட்டிப் பத்துப் பன்னெண்டு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள இவர வச்சு ஞாபகப்படுத்தணுமா?"

மிச்சம் சாம்பல் நிறம். அதிலும் மூன்று இருந்தது. கரிச் சாம்பல் பத்தடி தள்ளிப் போனால் கறுப்பாகிவிட்டது, அதாவது மறுபடியும் தோன்யா இல்தாவின் அழுகை. வெளிர் சாம்பல் அழகுதான். ஆனால் சவ வண்டியின் கதவு, மீட்டர் பெட்டியின் தூசு, மைதானத்துச் சேறு மூன்றையும் ஒரே வாரத்தில் அது வாங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒன்று இருந்தது. அடுப்பில் விறகு நன்றாக எரிந்து அடங்கின பிறகு இருக்குமே, அந்தச் சாம்பல்.

கடை விளக்கை நான் நம்புவதில்லை. குழல் விளக்கின் கீழே எத்தனையோ பெண்கள் பொன்னிறம் என்று வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் பூசணிக்காயாக நின்றிருக்கிறார்கள். வில்மாரைக் கோட்டோடு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பார்த்தேன். நீலம் அடிக்கிறதா, பழுப்பு அடிக்கிறதா என்று காலரைப் பிரித்துப் பார்த்தேன். எதுவும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்குள் திரைக்குப் பின்னால் மூன்று உடுப்பையும் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். கறுப்பு சூட்டின் மேல் மரியாதையாக இருந்தது. பாசிப்பச்சை பேண்ட்டின் மேல் நாலு பேர் மதிக்கிற உத்தியோகஸ்தர் மாதிரி இருந்தது. கடைசியில் அரைக்கால் சட்டையோடு, முட்டி தெரிய வெளியே வந்தபோது துணி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் கை தட்டினார்கள்.

காதோரம் அவருக்கு நரை விழத் தொடங்கியிருந்தது. அதற்கு இந்தக் கோட்டு அப்படி எடுத்துக் கொடுத்தது. நான் சாயம் பூசட்டுமா என்று எத்தனையோ முறை கேட்டு அவர் மறுத்த நரை அது. மறுத்ததே நல்லது என்று அன்று நினைத்தேன்.

"உங்களுக்குன்னே தச்சது," என்றார் அவேதிஸ். அந்த ஒரு முறை பொய் சொல்லவில்லை.

பெரிய காரியத்தை முடித்த களிப்பில் நான் இரண்டு வாரம் திரிந்தேன். அழகு என்பது ஊருக்குள் தனியாக நிற்காது என்பதை மறந்துவிட்டேன். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் அணியின் பயிற்சியாளர் ரூலோ மைதானத்துக்கு வந்தான். ரூலோ என்றால் சுருள்முடி. இப்போது தலையில் ஒரு முடி இல்லை, பெயர் மட்டும் மிச்சம். அவன் மேல் வில்மாரின் கோட்டு மாதிரியே ஒரு கோட்டு. அதே சாம்பல், அதே பொத்தான், அதே நீளம். வில்மார் போட்டுப் பார்த்த அழகைக் கண்டு நேராக அவேதிஸிடம் போயிருக்கிறான். ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் கை குலுக்கியபோது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்களாம்.

செவ்வாய்க்கிழமையே எல்பா வந்துவிட்டாள். முடிக்கு ஒன்றுமில்லை, சேதி சொல்லத்தான்.

"எங்க வீட்டுக்காரர் குதிக்கறாரு சுல்மா. 'முன்னாடி கொடி மட்டும்தான் குடுத்தாங்க, இப்ப சேர்ந்து போய்த் துணியே எடுக்கறாங்க'ங்கறாரு."

வில்மார் அன்று மாலை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "விடு கிழவி. இனிமே கோட்டே போடாம போறேன்."

"ஆகஸ்ட் குளிர்ல முட்டியோட சேர்ந்து நெஞ்சும் தெரியவா? நிமோனியா வந்தா உன்ன யாரு ஓட்டிக்கிட்டுப் போவா? வண்டி ஓட்டுறவனே நீதான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரூலோவின் மேல், ஒரோஸ்மானின் மேல், அந்தக் கோட்டின் மேல். ராத்திரிக்குள் கோபம் வடிந்து புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. சாயக்காரிக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஊரில் ஒருத்தி மட்டும் சிவப்பு பூசினால் அவளைப் பற்றிப் பேசுவார்கள். பத்துப் பேர் பூசினால் யாரும் பேச மாட்டார்கள், அது வெறும் சிவப்பாகிவிடும்.

அடுத்த முறை எல்பாவின் தலை என் கையில் கிடைத்தபோது ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை ரூலோவப் பாத்தியா? பத்து வயசு கொறஞ்சு போச்சு அவனுக்கு."

"ஆமா, நானும் பாத்தேன்," என்றாள் எல்பா, மனசில்லாமல்.

"கோட்டுதான் காரணம். அந்த நிறம் எல்லாருக்கும் எடுக்காது எல்பா. தோள் அகலமா இருக்கணும், நல்ல உயரம் வேணும். ரூலோவுக்கே இப்படி இருந்தா, உங்க வீட்டுக்காரர மாதிரி ஆளுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சேன். ஆனா பாவம், அவரு போட மாட்டாரு."

"ஏன் போட மாட்டாரு?"

"ரூலோ போட்டுட்டானே. ஆனா அவனுக்குப் பயந்துகிட்டு ஒரு நல்ல துணிய விட்டுட்டாருன்னு நாலு பேரு பேசுவாங்க. அவ்வளவுதான்."

எல்பா கண்ணாடி வழியாக என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் சீப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். அந்தச் சனிக்கிழமை தோன் ஒரோஸ்மான் சாம்பல் நிறக் கோட்டோடு சதுக்கத்தில் இரண்டு சுற்று நடந்தார். ஒரு சுற்று போதும், இரண்டாவது ரூலோவின் வீட்டு வாசலுக்காக. பிறகு மருந்துக் கடைக்காரர் வாங்கினார், பள்ளி முதல்வர் வாங்கினார். என் வாடிக்கையாளர்களில் புருஷன் உயிரோடு இருக்கும் யாரையும் நான் விடவில்லை. அவேதிஸ் தலைநகர் மோந்தெவிதேயோவிலிருந்து இன்னொரு கட்டு வரவழைத்தார். ஜூலை மாதத்தில் எங்கள் தேவாலயத்தில் பின் வரிசையிலிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கம் ஒரே சாம்பல் மேடு.

ஆகஸ்ட் முதல் வாரம் லீக் அலுவலகத்தில் பெயர் அடிக்கும் கூட்டம் நடந்தது. வில்மார் வீட்டில் உட்கார்ந்து விசிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க எதுவும் இல்லை. ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஸ்டேஷன் ஒரு பெயரை அடித்தது, மில் ஒரு பெயரை அடித்தது, இரண்டும் வில்மார் இல்லை. லீக் செயலாளர் இன்னொன்றும் சொன்னார். தோன் ஒரோஸ்மான் பேனாவை வில்மாரின் பெயர் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாராம். பிறகு தன் கோட்டைப் பார்த்துக்கொண்டு, "இத வச்சு இனி என்னத்தச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் கீழே இருந்த பெயரை அடித்தாராம்.

வில்மாரிடம் சொன்னேன். "சரி," என்றார். மறுநாள் காலையில் சவ வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிவிட்டார் என்று முதலாளி என்னிடம் முறையிட்டார். பின்னால் நடந்து வந்த சொந்தக்காரர்கள் பாதி வழி ஓட வேண்டியிருந்ததாம்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் மைதானத்துக்குப் போனதே இல்லை. போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். நடுவரின் பெண்டாட்டி காது கேட்கிற தூரத்தில் இருக்கக் கூடாது. ஆனால் இறுதிப் போட்டிக்குப் போகாமல் எப்படி இருப்பது? அண்ணன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான், மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கோல் கம்பத்துக்கு மிக அருகில். அவன் பிடித்தால் ஸ்டேஷன் பக்கத்தில்தானே பிடிப்பான்.

மூன்று மணிக்கு வில்மார் வந்தார். கோட்டை மடித்து மைதான ஓரத்து மேசை மேல் வைத்துவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார். கறுப்புச் சட்டை, நிமிர்ந்த முதுகு. முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு ஃபவுல் கொடுத்தார், உடனே என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ் ரெஃப்ரி, இங்க விசில் ஊதினது போதும். வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டி யார் கூட இருக்கான்னு பாரு."

அண்ணன் நெளிந்தான். "கண்டுக்காத, சுல்மா. இது சும்மா வழக்கம்."

இரண்டு பக்கமும் மாறி மாறி அதையே சொன்னார்கள். மில் பக்கம் கொஞ்சம் விவரமாகவே சொன்னார்கள். பாதி ஆட்டத்துக்குள் எனக்குப் பழகிவிட்டது. அதைவிட ஆச்சரியம், ஆட்டமும் பிடித்துவிட்டது. ஸ்டேஷன் பையன்கள் என் அப்பா சொல்லும் அதே துடிப்போடு ஓடினார்கள். கோல் இல்லாமல் எண்பத்தெட்டு நிமிஷம் போனது. அப்போது மில் பக்கத்துப் பந்து ஒன்று எங்கள் கோல் முன்னால் உயர்ந்து வந்தது, ஆட்கள் கூட்டமாக எகிறினார்கள், விசில் கேட்டது. வில்மார் நேராக நடந்து வந்து பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். எங்களுக்கு எதிராக.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தேன்.

"யோவ் ரெஃப்ரி, குருட்டுக் கபோதி, போய் உன் பொண்டாட்டி யார் கூட இருக்கான்னு பாருய்யா."

என் குரல்தான். சலூனில் நான்கு உலர்த்திகள் ஓடும்போது பேசிப் பழகிய குரல், மைதானம் முழுக்கக் கேட்டது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வில்மாரும் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு பந்தைப் புள்ளியில் வைத்தார்.

மில் ஜெயித்தது. அண்ணன் அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை, ஆனால் அது என் புருஷன் பெனால்டி கொடுத்ததற்காக. நான் கத்தியதை இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறான். தோன் ஒரோஸ்மான் ஓடி வந்து கையை நீட்டியபோது, "முதல்ல ஆட்ட அறிக்கையில கையெழுத்துப் போடுங்க தோன் ஒரோஸ்மான், அப்புறம் குலுக்கலாம்," என்று வில்மார் சொன்னாராம்.

இருட்டுவதற்கு முன்பே நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். எதிரே வந்தவர்கள் பாதிப் பேர் வணக்கம் சொன்னார்கள், பாதிப் பேர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மில்காரர்கள் இத்தனை வருஷம் சந்தேகப்பட்டது கோட்டை இல்லை, என்னை. அது முழுக்கத் தப்பும் இல்லை.

"கோவமா?" என்று கேட்டேன்.

"நீ எங்க உக்காந்திருந்த?"

"மூலக் கொடிகிட்ட. கம்பத்துக்குப் பக்கத்துல."

"அப்ப என்னவிட உனக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

சிறிது தூரம் நடந்தோம். எங்கள் ஸ்டேஷன் பையனின் முழங்கை மேலே போனதை, பந்து அதில் பட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் பெஞ்சில் ஏறினேன்.

"கை பட்டுச்சு," என்றேன். "நல்லாவே பட்டுச்சு. பெனால்டிதான்."

வில்மார் நின்றுவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் ஊதியிருக்கேன் சுல்மா. தோத்த அணிக்காரங்கள்ல ஒருத்தர்கூட இத எங்கிட்ட சொன்னதில்ல." கண்கள் நிறைந்திருந்தன, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவ சொல்லு."

நடுத்தெருவில் நின்று சொன்னேன்.